கதவு மூடாத கார்: பாதியில நின்ன ஒரு வேலைக்குத் திரும்பிப் போறது எப்படி?

(பேச்சின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஞாயிற்றுக்கிழமை, தேங்காய்த்திட்டு, நம்ம மொட்டைமாடி ரூம். பின்னாடி ஏதாவது இரைச்சல் கேட்டா கண்டுக்காதீங்க, துறைமுகப் பக்கம் ஒரு படகோட இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒருத்தர் கேட்டிருந்தார்: "கிட்டார் வாங்கினேன், கேமரா வாங்கினேன், எல்லாம் மூணு மாசம். அப்புறம் அலமாரிக்கு மேல. நீங்க மட்டும் எப்படி ஒரே காரை இத்தனை வருஷமா நோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

உண்மையைச் சொல்லிடறேன். நானும் விட்டுட்டேன். ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்ல, முழுசா 14 மாசம். போர்டிகோவில கார் தார்ப்பாய்க்குள்ள இருந்தது. நான் அந்தப் பக்கமா வண்டியை எடுக்கும்போதுகூட அதைப் பார்க்காம தலையைத் திருப்பிக்கிட்டுப் போவேன். இன்னைக்கு அந்த 14 மாசத்தைப் பத்தித்தான் பேசப்போறேன்.

அது என்ன கார்?

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மார்க் 3, நாலு கதவு, 1969 மாடல். பேரைக் கேட்டதும் நம்ம வயசுக்காரங்க முழிப்பாங்க. வீட்டுல அப்பாகிட்டயோ தாத்தாகிட்டயோ கேட்டுப் பாருங்க, முகம் மாறும்.

பிரிட்டன்ல 1959-ல 'டிரையம்ஃப் ஹெரால்டு'ன்னு வந்த கார் இது. வடிவமைச்சவர் ஜொவானி மிக்கெலோட்டிங்கிற இத்தாலிக்காரர். இந்தியாவுல இதைத் தயாரிச்சது எங்கேன்னு நினைக்கிறீங்க? நம்ம வண்டலூர் பக்கத்துல. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியான்னு ஒரு கம்பெனி. 1961-லிருந்து அங்க ஹெரால்டு வந்தது. நாலு கதவு ஹெரால்டு இங்க மட்டும்தான் வந்தது, பிரிட்டன்லயே கிடையாது. 1972-ல அதுக்குப் பதிலா 'கஸல்'. 1985-ல ரோவர் எஸ்.டி.1 காரோட உடம்புக்குள்ள பழைய இன்ஜினை வச்சு 'ஸ்டாண்டர்ட் 2000'ன்னு ஒன்னு கொண்டு வந்தாங்க. அது போணியாகல. 80-கள் முடியறதுக்குள்ள கார் தயாரிப்பும் நின்னுபோச்சு.

அதாவது, நம்ம மண்ணுல பிறந்த பிரிட்டிஷ் கார். 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். இன்னைக்கு ஒரு நல்ல பைக்ல அதைவிட அதிகம் இருக்கு (சிரிப்பு). ஆனா வீல் முழுசா ஒடியும், சுமார் 25 அடி வட்டத்துக்குள்ளயே திரும்பிடும். மிஷன் வீதியில யூ டர்ன் போட்டவங்களுக்கு அதோட அருமை தெரியும்.

என்னை மாதிரி ஆளுக்கு இந்தக் கார் பிடிச்சதுக்கு வேற காரணம் இருக்கு. அந்தக் காலத்துல மத்த கம்பெனிக்காரங்க உடம்பும் சேசிஸும் ஒன்னாச் சேர்ந்த காருக்கு மாறிக்கிட்டிருந்தாங்க. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வாங்கிடுச்சு. முழு உடம்பையும் ஒரே இடத்துல செஞ்சு கொடுக்க ஆள் இல்ல. அதனால தனியா ஒரு சேசிஸ், அதுமேல துண்டுதுண்டா பாடி, எல்லாத்தையும் போல்ட் போட்டு முறுக்குன்னு முடிவு பண்ணாங்க. வேற நாட்டுக்கு அனுப்பி அங்க சேர்க்கறதுக்கும் அது சுலபமா போச்சு. கூரையைத் தனியா கழட்டலாம். முன்பக்கம் பானெட், மட்கார்டு, லைட்டு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டா முன்னாடி சாயும். டயர் மேலயே உக்காந்து இன்ஜின் வேலை பார்க்கலாம்.

நம்ம பாஷையில சொன்னா, மாடுலர் கோடு. கழட்டிப் பார்க்கத் தைரியம் கொடுக்குற கார். அந்தத் தைரியம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஆரம்பம்

தாத்தா 1983-ல இதை செகண்ட் ஹேண்டா வாங்கினார். மில்லுல கணக்குப் பிரிவு வேலை அவருக்கு. 2006-க்கு அப்புறம் கார் ஓடல. தாத்தா இறந்த பிறகு யாரும் தொடல. 2020 டிசம்பர்ல வொர்க் ஃப்ரம் ஹோம்ல வீட்டுக்கு வந்து உக்காந்தப்போ ஒருநாள் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

தேங்காய்த்திட்டு தெரியாதவங்களுக்கு: ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், இன்னொரு பக்கம் அரியாங்குப்பம் ஆத்தோட கழிமுகம், அலையாத்திக் காடு. பார்க்க அழகு. இரும்புக்கு எமன். உப்பு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், குளோரைடு துருவை வேகமா வளர்க்கும். எங்க வீட்டு கேட்டையே ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை சுரண்டி பெயிண்ட் அடிக்கணும். 14 வருஷம் நின்ன கார் எப்படி இருக்கும்னு யோசிச்சுக்குங்க. கதவுக்குக் கீழ ஓடுற பக்கச் சட்டத்துல ஸ்குரூ டிரைவரை வச்சு அழுத்தினேன். உள்ள போயிடுச்சு.

முதல் ஆறு மாசம் திருவிழாதான். தினம் ஒன்னு கத்துக்கிட்டேன். இந்தக் காரோட நட்டு போல்ட்டெல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச்னா 12.7 மில்லிமீட்டர். நம்மகிட்ட இருக்கிற 13 ஸ்பேனரைப் போட்டா பிடிக்கிற மாதிரியேதான் இருக்கும், ஆனா துருப்பிடிச்ச போல்ட்ல அந்த 0.3 மில்லி மூலையை மழுக்கிடும். ஏழெட்டு போல்ட்டைக் கெடுத்த பிறகுதான் இஞ்ச் ஸ்பேனர் செட் வாங்கினேன். சின்ன பாகங்களுக்கு எலக்ட்ராலிசிஸ்: பிளாஸ்டிக் பக்கெட்ல தண்ணி, சலவை சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடிச்ச சாமான் நெகட்டிவ்ல, வேண்டாத கட்டுக்கம்பி பாசிட்டிவ்ல. ஒரு ராத்திரி விட்டா துரு கறுப்பா இளகி வந்துடும். பாசிட்டிவ்ல மட்டும் எவர்சில்வர் போட்டுடாதீங்க, தண்ணியில நச்சு குரோமியம் கலக்கும். ஹைட்ரஜன் வரும், அதனால திறந்த இடத்துலதான் பண்ணணும்.

போட்டோ போட்டேன், லைக் வந்தது. அந்த உற்சாகத்துல ஒரே வாரத்துல பாதிக் காரைக் கழட்டிட்டேன். கூரை, சீட்டு, கண்ணாடி, எல்லாம். பக்கத்துல படகுப் பட்டறையில வேலை பார்க்கிற ஒரு வெல்டரைக் கூட்டிட்டு வந்து, இத்துப்போன சட்டத்தை வெட்டி எடுக்கச் சொல்லி, புதுத் தகட்டை வச்சு அடிக்கச் சொன்னேன். அவர் வேலை சுத்தம். நான் சொன்னதை அப்படியே செஞ்சார். நான் சொன்னதுதான் தப்பு.

2021 ஆகஸ்ட். கதவை மாட்டி மூடிப் பார்த்தேன். மூடல. மேல இடிக்குது, கீழ விரல் நுழையற அளவுக்கு இடைவெளி. கொக்கி வந்து சேரவே இல்ல.

என்ன ஆச்சுன்னா, கூரையைக் கழட்டிட்டு கீழ்ச்சட்டத்தையும் வெட்டினா, அந்தப் பாடியைப் பிடிச்சு நிறுத்த ஒன்னும் இல்ல. வெட்டுறதுக்கு முன்னாடி கதவு வாசலுக்குக் குறுக்க ஒரு இரும்புச் சட்டம் வச்சு முட்டுக் கொடுக்கணும். வீட்டுல சுவரை இடிச்சா முட்டுக் கொடுக்கிறோமே, அதே சங்கதி. நான் கொடுக்கல. பாடி தொங்கிடுச்சு. தொங்கின நிலையிலேயே நான் வெல்டிங் பண்ண வச்சுட்டேன்.

எட்டு மாச வேலை. அன்னைக்கு ராத்திரி தார்ப்பாயைப் போட்டு மூடினேன்.

14 மாசம்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா அந்தக் கேள்வி கேட்டவர் இப்ப இங்கதான் நிக்கிறார்னு நினைக்கிறேன்.

"நேரம் இல்ல"ன்னு சொல்லிக்கிட்டேன். பொய். அந்த 14 மாசத்துல எத்தனை வெப் சீரிஸ் பார்த்தேன்னு எனக்குத் தெரியும். உண்மையான காரணம் வெட்கம். காரைப் பார்த்தா என் தப்பு தெரியும். அதனால காரைப் பார்க்கல. பார்க்காததால வேலை நடக்கல. நடக்காததால இன்னும் வெட்கம். மோட்டிவேஷன் போச்சுன்னு நாம சொல்றதுல பாதி இதுதான். ஆசை செத்திருக்காது, நாம அது முகத்துல முழிக்கக் கூச்சப்படறோம், அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளயும் அது வந்தது. அம்மா தையல் மெஷினை போர்டிகோவிலிருந்து உள்ள தூக்கி வச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. "வெளிச்சமே இல்லடா உள்ள"ன்னு ஒருநாள் சொன்னாங்க, திட்டக்கூட இல்ல. காயலான் கடைக்காரர் ஒருத்தர் வந்து 22 ஆயிரம்னு விலை சொல்லிட்டுப் போனார். அப்பா ஒன்னும் பேசல. அப்பா அந்தக் காரைப் பத்தி எப்பவுமே பேசமாட்டார். பக்கத்துல வந்து நின்னு பார்த்ததும் கிடையாது. பிடிக்கலன்னு நினைச்சுக்கிட்டேன்.

2022 அக்டோபர்ல நான் காயலான் கடைக்காரருக்குப் போன் பண்ணேன். வர்ற சனிக்கிழமை எடுத்துக்கறேன்னார்.

வியாழக்கிழமை சாயந்திரம் ஒரு மேஸ்திரி வந்தார். எழுபது தாண்டினவர். அந்தக் காலத்துல தாத்தாவோட காருக்கு டிங்கரிங் வேலை பார்த்தவர். காரைக் கொடுக்கப் போறோம்னு கேள்விப்பட்டு, கடைசியா ஒருதடவை பார்க்கணும்னு வந்திருந்தார். தார்ப்பாயை விலக்கினேன். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். குனிஞ்சு வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். பார்வை சரியில்ல அவருக்கு, கையாலதான் பார்க்கிறார்.

"முட்டுக் கொடுக்காம வெட்டிட்டியா தம்பி?"

"ஆமா மேஸ்திரி."

"நானும் ஒரு வண்டியில வெட்டியிருக்கேன். உன் வயசுல. முதலாளி என்னை வேலையை விட்டே அனுப்பிட்டார்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "ரெண்டு தையலை வெட்டணும். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல தகடு போட்டுத் தூக்கணும். நாலு நாள் வேலை. இதுக்கா ஒரு வருஷமா மூடி வச்சிருந்த?"

நாலு நாள் வேலை. நான் 14 மாசம் தூக்கிச் சுமந்தது.

காயலான் கடைக்காரருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். நல்லாவே திட்டினார், நியாயம்தான்.

திரும்பிப் போன வழி

நாலு நாள் வேலைன்னு சொன்னது எங்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு. வெல்டரை மறுபடி கூப்பிட்டோம். வாசலுக்குக் குறுக்க சட்டம் அடிச்சோம். ரெண்டு தையலை வெட்டி, ஜாக்கி வச்சு மெதுவா தூக்கி, ஹெரால்டுல பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல போடுற மெல்லிய தகடுகளை ஒவ்வொன்னா மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தோம். கம்பெனியிலேயே கதவு இடைவெளியை அப்படித்தான் சரி பண்ணுவாங்களாம். ஆறாவது ஞாயிறு, 'டக்'. கதவு மூடுச்சு. அந்தச் சத்தத்தை போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன். மத்தவங்களுக்கு அது வெறும் கதவுச் சத்தம்.

அதுக்கப்புறம் வேலை செய்யற விதத்தை மாத்தினேன். சிலது மேஸ்திரிகிட்ட கத்துக்கிட்டது, சிலது ஆபீஸ்ல.

முதல் விஷயம்: "காரை ரெடி பண்ணணும்"ங்கிறது ஒரு வேலையே இல்ல. ஆபீஸ்ல யாராவது "ஆப்பை சரி பண்ணு"ன்னு ஒரு டிக்கெட் போட்டா மூடிட்டு திருப்பி அனுப்புவோம் இல்லையா? "பின்பக்கம் இடது வீல் சிலிண்டரைக் கழட்டி, ரப்பர் மாத்தி, திரும்ப மாட்டணும்." இது வேலை. உக்காந்தா ஒரே நாள்ல முடியணும், முடிஞ்சதுன்னு கண்ணுக்குத் தெரியணும். இப்ப என் நோட்டுல அப்படி 212 வரி டிக் ஆகியிருக்கு.

ரெண்டாவது, எழுந்திரிக்கும்போது அடுத்த வேலைக்கான ஸ்பேனரை எடுத்து வெளிய வச்சுட்டு வாங்க. இது மேஸ்திரியோட பழக்கம். அடுத்த வாரம் போய் "எங்க விட்டேன்?"னு யோசிக்கிற அந்த அஞ்சு நிமிஷம்தான் நம்மளைத் திருப்பி அனுப்புறது. யோசிக்க விடாதீங்க. கழட்டின போல்ட்டெல்லாம் ஜிப் கவர்ல, கவர் மேல பேரு. கழட்டுறதுக்கு முன்னாடி போட்டோ. ஆறு மாசம் கழிச்சு வர்ற நீங்க வேற ஆளு, அவருக்கு ஒன்னுமே ஞாபகம் இருக்காது.

மூணாவது, எல்லாத்தையும் ஒரேயடியா கழட்டாதீங்க. உருளுற கார் கார்தான். வீல் இல்லாம கல்லு மேல நின்னா, பார்க்கிறவங்களுக்கு மட்டும் இல்ல, நமக்கும் அது இரும்புக் குப்பைதான். பெயிண்டுக்கு முன்னாடி இன்ஜினை ஓட விடுங்க. அழகா நிக்கிற காரைவிட அசிங்கமா ஓடுற கார் அதிக நாள் உற்சாகம் கொடுக்கும்.

நாலாவது, பழைய சாமானுக்கு அதோட விதிப்படி நடந்துக்குங்க. ஹெரால்டுல முன் வீலுக்குக் கீழ டிரன்னியன்னு ஒரு பித்தளை மூட்டு இருக்கு. அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கியர் ஆயில்தான் விடணும்னு கம்பெனி சொல்லியிருக்கு. கிரீஸ் அடிச்சா உள்ள சரியா போய்ச் சேராது, மேல வர்ற செங்குத்துத் தண்டு உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு ஒருநாள் ஓடும்போதே உடையும், வீல் மடங்கிடும். நான் முதல்ல கிரீஸ்தான் அடிச்சிருந்தேன். மறுபடி கழட்டி, துடைச்சு, ஆயில் விட்டேன். இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வருது, அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊதவச்சுடும். அதனால பெட்ரோல் ஓஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்தினேன். இதெல்லாம் யாரும் லைக் போடாத வேலை. உயிர் அதுலதான் இருக்கு.

அஞ்சாவது, வீடியோவை நம்பாதீங்க. 12 நிமிஷத்துல ஒரு கார் பளபளன்னு ஆயிடுது. அந்த ஆள் எத்தனை ராத்திரி கதவு மூடலன்னு உக்காந்திருந்தார்ங்கிறது எடிட்டிங்ல போயிடுச்சு. அதுக்குப் பதிலா, உங்களைக் கேள்வி கேட்க ஒரே ஒரு ஆள் போதும். எனக்கு மேஸ்திரி. ஞாயிறு பத்து மணிக்கு டீக்கு வந்துடுவார். நான் வேலை செய்யலன்னாலும் வருவார். அதுக்காகவே பல வாரம் வேலை செஞ்சிருக்கேன்.

அப்பா

2023 பிப்ரவரியில இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம்னு பெட்ரோல் டேங்கை இறக்கினேன். உள்ள ஒரு கப் அளவுக்குத் துருத்தூள். வெளிய வர்ற குழாய் கிட்டத்தட்ட அடைச்சிருந்தது. சுத்தம் பண்ணி மாட்டி, புது பேட்டரி வச்சு, நாலாவது முயற்சியில இன்ஜின் பிடிச்சுது. புகை, இரைச்சல், அம்மா வாசலுக்கு ஓடி வந்தாங்க.

அப்பாவும் வந்தார். முதல் தடவையா காருக்குப் பக்கத்துல நின்னார். ஆஃப் பண்ண பிறகு கேட்டார், "டேங்க்ல என்ன இருந்துச்சு?"

காட்டினேன். ரொம்ப நேரம் அந்தத் தூளையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

அப்புறம்தான் சொன்னார். 2006-ல ஒரு ராத்திரி தாத்தாவுக்கு நெஞ்சுவலி. அப்பா இந்தக் கார்லதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார். முதலியார்பேட்டையில கார் நின்னுடுச்சு. தள்ளிப் பார்த்திருக்கார், கிளம்பல. ஆட்டோ பிடிச்சுப் போய்ச் சேர்ந்தாங்க. தாத்தா பிழைச்சுக்கிட்டார். ஆனா அப்பா அத்தனை வருஷமும், பெட்ரோல் போடாம வண்டியை எடுத்தது தன் தப்புன்னே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கார். முள் வேலை செய்யாத வண்டி, எவ்வளவு இருக்குன்னு அவருக்குத் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி நின்னதுக்கு இந்தத் துருதான் காரணம்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அப்படி அடைச்ச குழாயோட எந்த வண்டியும் ரொம்ப தூரம் போகாதுன்னு சொன்னேன். அப்பா "ம்"னார். அடுத்த ஞாயித்துக்கிழமை அவர்தான் மேஸ்திரிக்கு டீ கொண்டு வந்தார்.

எப்ப நிறுத்தணும்?

ஒரு விஷயம் சொல்லாம முடிக்க மாட்டேன். விடாம செய்யறது எப்பவும் நல்லதுன்னு நான் சொல்லல. இதுவரை என் கணக்குல மூணு லட்சத்து எண்பதாயிரம் போயிருக்கு. அதே காசுக்கு ஓடுற கண்டிஷன்லயே வேற கார் வாங்கியிருக்கலாம். அதனால நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன்: கடன் வாங்கி இதுக்குச் செலவு பண்ணக் கூடாது. அம்மாவோட தையல் மெஷின் மறுபடி உள்ள போகக் கூடாது. இதுல எது நடந்தாலும் வித்துடணும். மனசு தெளிவா இருக்கும்போது எழுதினது, அதனால அதை நம்பறேன். நீங்க அலமாரியிலிருந்து அந்தக் கிட்டாரை எடுத்து, தூசி துடைச்சு, "இது எனக்கு வேண்டாம்"னு வேற யாருக்காவது கொடுத்தாலும் அது தோல்வி இல்ல. தார்ப்பாய் போட்டு மூடி வச்சுட்டுத் தலையைத் திருப்பிக்கிட்டுப் போறதுதான் பிரச்சினை.

உங்ககிட்ட 50 வருஷம் தாண்டின வண்டி இருந்தா ஒரு தகவல். 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனிப் பதிவு விதி கொண்டு வந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. ரொம்ப முக்கியம், சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. புது ஜப்பான் இன்ஜின் மாட்டலாமான்னு யோசிக்கிறவங்க கவனிங்க.

என் கார் இன்னும் முடியல. பின்பக்கம் இன்னமும் பிரைமர் சாம்பல் நிறத்துலதான் இருக்கு. ஆனா 2025 ஜனவரியில ஒரு விடிகாலை, துறைமுகத்திலிருந்து முதலியார்பேட்டை வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம். பின்சீட்ல மேஸ்திரி. ஓட்டினது அப்பா. முதலியார்பேட்டை வந்ததும் கொஞ்சம் மெதுவா போனார், ஒன்னும் சொல்லல, அப்படியே தாண்டிட்டார்.

நான் கதவுப் பக்கம் உக்காந்திருந்தேன். மூடித்தான் இருந்தது.

சரி மக்களே, இந்த வாரம் அவ்வளவுதான். உங்க வீட்டுல தார்ப்பாய்க்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் அதுல சிலதைக் கேட்கலாம். போய் ஒரே ஒரு போல்ட்டைக் கழட்டுங்க. இஞ்ச் ஸ்பேனரா, மில்லிமீட்டரான்னு பார்த்துட்டு கழட்டுங்க.